பள்ளி வாயிலில் ஒரு முக்காடு

காலை எட்டு மணிக்குத் திருப்பூரின் பல்லடம் சாலையிலோ அவிநாசி சாலையிலோ சற்று நேரம் நின்று பார்த்திருக்கிறோமா? பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் டவுன் பஸ்ஸிலும் கம்பெனி வேனிலும் இரு சக்கர வாகனத்திலும் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் பலர் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிக் கட்டி, மூக்கையும் வாயையும் மூடி, கண்கள் மட்டும் தெரியும்படி வருவார்கள். வெயிலும் வாகனப் புகையும் தூசியும் அப்படி. கம்பெனிக்குள் சென்ற பிறகும் பலர் தலையில் துணியோ தொப்பியோ அணிந்தே தையல் மெஷினில் அமர்கிறார்கள். தைக்கும் துணியில் தலைமுடி ஒட்டிவிடக் கூடாது, பஞ்சுத் தூசி தலையில் படியக் கூடாது என்பது காரணம்.

அந்தக் கூட்டத்தில் இந்துப் பெண் யார், இசுலாமியப் பெண் யார், நம் பங்கைச் சேர்ந்த பெண் யார் என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் அதே துணியை ஒரு பெண், "இது என் இறைநம்பிக்கையின் பகுதி" என்று சொல்லி அணிந்தால் மட்டும் நாடே விவாதம் செய்கிறது. கல்லூரி வாயில் மூடப்படுகிறது. நீதிமன்றங்கள் பல நாட்கள் விசாரிக்கின்றன. தொலைக்காட்சிகள் இரவெல்லாம் பட்டிமன்றம் நடத்துகின்றன.

தூசிக்காக மூடினால் கேள்வி இல்லை, கடவுளுக்காக மூடினால் மட்டும் கேள்வி என்றால், நாம் உண்மையில் எதைக் குறித்து விவாதிக்கிறோம்? இது வேறொரு சமயத்தாரின் பிரச்சினை, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கத்தோலிக்கர்களாகிய நாம் ஒதுங்கிவிட முடியுமா? ஒதுங்க முடியாது என்பதே நம் எண்ணம். அதற்கான காரணங்களைச் சேர்ந்து சிந்திப்போம்.

உடுப்பியில் தொடங்கியது

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2021ஆம் ஆண்டின் இறுதியில், கர்நாடக மாநிலம் உடுப்பியில் உள்ள அரசு மகளிர் பல்கலைக்கழக முன்வகுப்புக் கல்லூரியில், முக்காடு அணிந்து வந்த சில இசுலாமிய மாணவிகள் வகுப்பறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. விரைவில் இப்பிரச்சினை மற்ற ஊர்களுக்கும் பரவியது. முக்காட்டுக்குப் போட்டியாகக் காவித் துண்டு அணிந்த மாணவர்கள் திரண்டனர். 2022 பிப்ரவரி 5 அன்று, கல்வி நிறுவனங்கள் நிர்ணயித்த சீருடையையே மாணவர்கள் அணிய வேண்டும் என்று கர்நாடக அரசு ஆணையிட்டது. சில நாட்களில், பள்ளி வாயிலிலேயே மாணவிகளும் ஆசிரியைகளும் தங்கள் முக்காட்டையும் புர்க்காவையும் கழற்றிவிட்டு உள்ளே செல்லும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் கண்டோம்.

2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம், முக்காடு அணிவது இசுலாத்தின் இன்றியமையாத சமய வழக்கம் அல்ல என்று கூறி அரசு ஆணையை உறுதி செய்தது. மேல்முறையீட்டில், 2022 அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்புகளை வழங்கினர். அரசின் செலவில் நடக்கும் மதச்சார்பற்ற பள்ளியில் சமய அடையாளங்களைத் தவிர்ப்பது மாணவரிடையே சமத்துவத்தை வளர்க்கும் என்பது நீதிபதி ஹேமந்த் குப்தாவின் பார்வை. நீதிபதி சுதான்சு துலியாவோ வேறொரு இடத்திலிருந்து தொடங்கினார். சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கு வந்து சேர்வதே பெரிய போராட்டம். முக்காடு அணிகிறாள் என்பதற்காக அவளுக்குக் கல்வியை மறுத்தால் அவள் வாழ்வு எந்த விதத்தில் மேம்படும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. இருவரும் ஒத்துப்போகாததால் வழக்கு பெரிய அமர்வின் முன் வைக்கப்பட அனுப்பப்பட்டது.

சீருடை சமத்துவத்திற்காகத்தான் என்பதை நாம் மறுக்கவில்லை. தமிழகத்தில் காமராசர் முதல்வராக இருந்த காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை வழங்கும் முயற்சி தொடங்கியதன் நோக்கமே, கிழிந்த சட்டைக்காக எந்தப் பிள்ளையும் வெட்கப்பட்டு வீட்டில் தங்கிவிடக் கூடாது என்பதுதான். பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவரப் பிறந்தது சீருடை. அதே சீருடையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துவது, அது பிறந்த நோக்கத்தையே தலைகீழாக்குவது ஆகாதா?

மேலூர் காட்டிய வழி

அந்தக் கொந்தளிப்பு தமிழகத்தையும் தொட்டுப் பார்த்தது. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. திருப்பூர் மாநகராட்சிக்கும் அன்றுதான் நாம் வாக்களித்தோம். அன்று மதுரை மாவட்டம் மேலூரில் ஒரு வாக்குச்சாவடியில், முக்காடு அணிந்து வாக்களிக்க வந்த பெண்ணுக்குப் பாரதிய ஜனதா கட்சியின் முகவர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார். அங்கிருந்த மற்ற கட்சிகளின் முகவர்கள் உடனே அதைத் தட்டிக் கேட்டனர். எதிர்ப்புத் தெரிவித்தவர் வெளியேற்றப்பட்டார், வாக்குப்பதிவு தொடர்ந்தது.

சிறிய நிகழ்வுதான். ஆனால் அதில் ஒரு பாடம் உண்டு. அந்தப் பெண்ணுக்காகப் பேசியவர்கள் நீதிபதிகள் அல்லர். அரசியலில் ஒருவருக்கொருவர் எதிரெதிராக நிற்கும் கட்சிகளின் சாதாரண முகவர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் பேசியதால் அது பெரும் பிரச்சினையாக வளரவில்லை. பக்கத்தில் இருப்பவர் வாய் திறப்பதா, மௌனம் காப்பதா என்பதில்தான் பல நேரங்களில் எல்லாமே அடங்கியிருக்கிறது.

நம் அருட்சகோதரிக்கு நேர்ந்தது

இது இசுலாமியரின் பிரச்சினை மட்டுமே என்று எண்ணுவோர், 2015ஆம் ஆண்டு நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில் வினாத்தாள் முறைகேடு நடந்ததால், மறுதேர்வுக்குக் கடுமையான ஆடை விதிகள் விதிக்கப்பட்டன. அவற்றில் தலையை மூடும் துணிக்கும் தடை இருந்தது. கேரள உயர்நீதிமன்றம் இரு இசுலாமிய மாணவிகளுக்கு, முன்னதாகவே வந்து பெண் கண்காணிப்பாளரின் சோதனைக்கு உட்பட்டால் முக்காட்டுடன் எழுதலாம் என்று அனுமதி அளித்தது. ஆனால் ஓர் இசுலாமிய மாணவர் அமைப்பு நாடு முழுவதற்குமாக இதே சலுகையைக் கேட்டபோது, சூலை 24 அன்று உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. சில மணி நேரம் முக்காடு இல்லாமல் தேர்வு எழுதினால் நம்பிக்கை மறைந்துவிடாது என்ற பொருளில் நீதிபதிகள் கருத்துத் தெரிவித்தனர்.

மறுநாள் தேர்வு. திருவனந்தபுரத்தில் ஒரு தேர்வு மையத்திற்குக் கத்தோலிக்க அருட்சகோதரி ஒருவர் தம் துறவற உடையுடன் வந்தார். தலைத்துணியையும் கழுத்தில் இருந்த சிலுவையையும் கழற்றினால்தான் அனுமதி என்றார்கள். அவர் மறுத்தார். தேர்வு எழுதாமலேயே திரும்பிச் சென்றார்.

முதல் நாள் செய்தியைப் படித்தபோது, "நீதிமன்றம் சரியாகத்தானே சொல்லியிருக்கிறது" என்று நம்மில் எத்தனை பேர் எண்ணினோம்? மறுநாள் செய்தியைப் படித்தபோது எத்தனை பேர் வருந்தினோம்? இரண்டும் ஒரே துணி. ஒரே விதி. ஒரே வாயில். அயலாரின் தலைத்துணிக்கு எதிராக எழுதப்படும் விதி, நம் அருட்சகோதரியின் தலைத்துணி எது, அயலாருடையது எது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்காது.

இதற்குத் தீர்வே இல்லையா? இருந்தது. பின்னாளில் நீட் தேர்வு விதிகளில், சமய மரபுப்படி உடை அணிவோர் முன்னதாகவே வந்து சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற ஏற்பாடு இடம்பெற்றது. தேர்வின் நேர்மையும் காக்கப்பட்டது, மனசாட்சியும் காக்கப்பட்டது. தேவைப்பட்டதெல்லாம் கொஞ்சம் கூடுதல் நேரமும் கொஞ்சம் நல்ல மனமும்தான்.

எது மதச்சார்பின்மை?

மதச்சார்பற்ற நாட்டில் பொது இடத்தில் சமய அடையாளம் எதற்கு என்று கேட்போர் உண்டு. பிரான்சு நாடு இந்த வழியில் சென்றது. 2004 மார்ச் 15ஆம் நாளிட்ட சட்டத்தின் மூலம், அரசுப் பள்ளிகளில் வெளிப்படையாகத் தெரியும் சமய அடையாளங்களை மாணவர்கள் அணிவதை அந்நாடு தடை செய்தது. முக்காட்டை முன்னிட்டு வந்த சட்டம்தான். ஆனால் யூதச் சிறுவரின் தொப்பியும், சீக்கியரின் தலைப்பாகையும், கிறிஸ்தவரின் பெரிய சிலுவையும் அதில் அடங்கின. சட்டம் வருவதற்கு முன்னரே, 2003 டிசம்பரில், பிரான்சின் கத்தோலிக்க, பிரிந்த சபை, ஆர்த்தடாக்ஸ் தலைவர்கள் இணைந்து குடியரசுத் தலைவர் ழாக் சிராக்குக்கு மடல் எழுதி, இப்படியொரு சட்டம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் நாட்டின் அரசியல் சாசனம் தேர்ந்துகொண்ட வழி வேறு. சமயத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்க அது சொல்லவில்லை. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மனசாட்சிச் சுதந்திரத்தையும் சமயத்தை ஏற்று, கடைப்பிடித்து, பரப்பும் உரிமையையும் 25ஆம் பிரிவு எல்லாருக்கும் தருகிறது. அரசு எந்தச் சமயத்தின் பக்கமும் சாயாது. எந்தச் சமயத்தையும் விரட்டாது. இதுவே நம் மதச்சார்பின்மை.

1986இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளின் வழக்கு உச்சநீதிமன்றத்திற்கு வந்தது. தேசிய கீதம் இசைக்கப்படும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி, அந்தப் பிள்ளைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டார். நம் மரபும் மெய்யியலும் சாசனமும் சகிப்புத்தன்மையையே போதிக்கின்றன, அதை நாம் நீர்த்துப்போகச் செய்யக் கூடாது என்ற கருத்துடன் அந்தத் தீர்ப்பை நிறைவு செய்தார். அந்தச் சபையாரின் கொள்கைகளை நாம் ஏற்பதில்லை. ஆனாலும், அன்று அவர்கள் பெற்ற தீர்ப்பின் நிழலில்தான் இன்று நாம் அனைவரும் நிற்கிறோம்.

பெண் விடுதலை என்னும் கேள்வி

முக்காடு ஆணாதிக்கத்தின் அடையாளம், அதை அகற்றுவதே பெண்ணுக்கு விடுதலை என்பது இன்னொரு வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஈரானில் 2022 செப்டம்பரில், முக்காடு சரியாக அணியவில்லை என்று காவலர்கள் பிடித்துச் சென்ற மாசா அமினி என்ற இளம்பெண் காவலில் இருந்தபோது நினைவிழந்து மருத்துவமனையில் இறந்தார். அந்நாட்டுப் பெண்கள் தெருவில் இறங்கித் தங்கள் முக்காடுகளைக் கழற்றி எரித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

ஈரானில் ஒரு பெண் கழற்றுகிறாள். உடுப்பியில் ஒரு பெண் அணிகிறாள். இருவரும் ஒன்றுக்கொன்று எதிரானதைக் கேட்பதுபோலத் தோன்றினாலும் கேட்பது ஒன்றைத்தான்: "என் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் காவலரும் அரசும் தீர்மானிக்க வேண்டாம்." கட்டாயமாக அணிவிப்பதும் கட்டாயமாகக் கழற்றுவதும் ஒரே கையின் வேலைதான்.

தமிழ் மண்ணுக்கு இது தெரியாத பாடம் அல்ல. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில், தாழ்த்தப்பட்டதாகக் கருதப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற கொடுமை இருந்தது. கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் தோள் சீலை அணிந்தபோது, பொது இடங்களில் அவர்கள் ஆடை கிழிக்கப்பட்டது. நெடுங்காலப் போராட்டத்திற்குப் பிறகு, 1859 சூலை 26 அன்றுதான் மன்னரின் அறிவிப்பு அவர்களுக்கு மேலாடை அணியும் உரிமையை ஓரளவு வழங்கியது. ஒரு பெண் எதை மூடலாம், எதை மூடக் கூடாது என்பதை அதிகாரம் தீர்மானித்த காலத்தை நம் முன்னோர் கண்ணீரோடு கடந்து வந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் வழிவந்தோர் நம் பங்குகளிலும் இருக்கக்கூடும். அவர்கள் இதை மறந்துவிடலாமா?

மேலும், பெண் விடுதலையைப் பற்றிப் பேசுவோருக்கு நம் பகுதியில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில், மூன்றாண்டு வேலைக்குப் பிறகு திருமணத்திற்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, இளம்பெண்களை விடுதிக்குள் அடைத்து வைத்த கதையை நாம் அறிவோம். 2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர், அவருடைய மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். அதன் பின்னரே, 2022 ஏப்ரலில், தொழிற்சங்கமும் நிறுவனமும் சேர்ந்து பாலியல் வன்முறையைத் தடுக்கும் "திண்டுக்கல் ஒப்பந்தம்" உருவானது. ஒரு பெண்ணின் தலையில் உள்ள துணியைக் கண்டு பதறும் நாம், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் தனியாக வீடு திரும்பும் பெண்ணைக் கண்டு பதறுகிறோமா?

அச்சம் என்னும் சுவர்

நம் மறைமாவட்ட மக்களில் பலரின் மனத்தில் வெளியே சொல்லாத ஓர் அச்சமும் இருக்கிறது. 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தனர். அதற்கு முன்பு 1997இன் இறுதியில், காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நடந்த கலவரத்திலும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலும் இசுலாமியர் பலர் இறந்திருந்தனர். அந்த இரு துயரங்களும் கொங்கு மண்ணில் மக்களைப் பிரித்துப்போட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்புப் பெருவிழா அன்று, இலங்கையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும் திருப்பலியில் இருந்த நம் உறவுகள் குண்டுகளுக்குப் பலியானதைக் கேட்டு நாம் அழுதோம்.

அந்த வேதனை உண்மையானது. அதை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. தாக்குதலுக்குப் பின் இலங்கை அரசு முகத்தை மூடும் உடைக்கு அவசரகால விதியின் கீழ் தடை விதித்தது. முகத்தை அடையாளம் காண வேண்டிய இடத்தில் முகத்தைக் காட்டச் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் முக்காடு முகத்தை மூடுவதில்லை. தலைமுடியை மூடும் பதினான்கு வயது மாணவியிடம், குண்டு வைத்தவனின் கணக்கைத் தீர்க்கச் சொல்வது எந்த நீதி? ஒருவர் செய்த குற்றத்திற்கு அவருடைய சமயத்தார் அனைவரையும் குற்றவாளி ஆக்கினால், அந்த அளவுகோல் நாளை நம்மையும் அளக்கும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். நமக்குச் சோறு போடும் இந்தப் பின்னலாடைத் தொழிலைத் திருப்பூரில் 1925ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கியவர் குலாம் காதர் என்று தொழில் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். காதர்பேட்டைக்குச் சென்று பனியன் வாங்காத வீடு திருப்பூரில் இருக்கிறதா? கட்டிங் மாஸ்டரும் டெய்லரும் செக்கிங் செய்பவரும் கைமடிப்பவரும் வெவ்வேறு சமயத்தவராக இருக்க, அவர்கள் கை மாறித்தான் ஒரு பனியன் பெட்டிக்குள் போகிறது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தலையை மூடும் ஹூடிகளை நாம்தான் தைத்து அனுப்புகிறோம். அவற்றை யார் அணிவார், ஏன் தலையை மூடுவார் என்று நாம் கேட்பதில்லை.

நம் பள்ளிகளின் முன்னால்

இப்போது நமக்குக் கடினமான பகுதிக்கு வருகிறோம். முக்காட்டுக் கேள்வி நம் கத்தோலிக்கப் பள்ளிகளின் வாயிலுக்கும் வந்துவிட்டது.

2018 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தில் வந்த வழக்கில், திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் முக்காடும் முழுக்கைச் சட்டையும் அணிய இரு மாணவிகள் அனுமதி கேட்டனர். தனிநபரின் விருப்பத்தை விட, நிறுவனத்தின் பொதுவான உரிமையே மேலானது என்று நீதிபதி முகமது முஸ்தாக் தீர்ப்பளித்தார். 2025 அக்டோபரில் கொச்சி பள்ளுருத்தியில், அருட்சகோதரிகள் நடத்தும் புனித ரீத்தா பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் முக்காடு அணிந்து வந்தபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. பள்ளி தன் சீருடை விதியைச் சுட்டிக்காட்டியது. பதற்றம் ஏற்பட்டுப் பள்ளிக்கு இரு நாட்கள் விடுமுறை விடப்பட்டது. மாநிலக் கல்வி அமைச்சர் மாணவியை அனுமதிக்க வேண்டும் என்றார். இறுதியில், மகளை வேறு பள்ளிக்கு மாற்றுவதாகத் தந்தை கூறியதை அடுத்து உயர்நீதிமன்றத்தில் அந்த விவகாரம் முடிவுக்கு வந்தது.

சிறுபான்மையினராகிய நமக்கு நம் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு தருகிறது. அந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. பள்ளிக்குள் அரசியல் இயக்கங்கள் நுழைந்து மிரட்டுவதையும் ஏற்க முடியாது. அந்தச் சூழலில் பள்ளி நிர்வாகம் பட்ட பாட்டை வெளியில் இருந்து நாம் எளிதாக எடைபோடவும் கூடாது. ஆனால் சட்டம் தரும் உரிமையோடு நம் கேள்வி முடிந்துவிடுவதில்லை. தலையில் துணி அணிந்த அருட்சகோதரி நடத்தும் பள்ளியில், தலையில் துணி அணிந்த மாணவிக்கு இடமில்லை என்றால், அதைப் பார்க்கும் ஒரு சிறுமியின் மனத்தில் என்ன பதியும்? "அவர்கள் கடவுளுக்காக அணியலாம், நான் அணியக் கூடாது" என்பதுதானே?

துறவியின் உடை வேறு, மாணவியின் உடை வேறு என்று நாம் பதில் சொல்லலாம். அந்தப் பதில் வாதத்தில் வெல்லும். அந்தச் சிறுமியின் உள்ளத்தில் வெல்லுமா?

திருப்பூர் பகுதியில் வாழும் நமக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. இங்கே பள்ளியை விட்டு நிற்கும் பெண் பிள்ளைக்கு அடுத்த வாசல் தயாராகத் திறந்திருக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்றால் கம்பெனியில் பிசிறு வெட்டவும் கைமடிக்கவும் போகலாம்; அல்லது வீட்டில் சீக்கிரமே மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். தன் மகளை முக்காட்டோடு மட்டுமே வெளியே அனுப்பும் ஒரு தந்தையிடம், "முக்காடா, பள்ளியா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்று நாம் சொன்னால், அவர் எதை விடுவார் என்பது நமக்குத் தெரியும். தண்டனை அந்தத் தந்தைக்கு அல்ல, அந்த மகளுக்கே போய்ச் சேரும். எந்தக் கல்வி நாளை அவளைத் தானே சிந்தித்து, அணிவதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கச் செய்யுமோ, அந்தக் கல்வியையே நாம் அவளிடமிருந்து பறித்தவர்கள் ஆவோம்.

இடைப்பட்ட வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் சீருடையின் நிறத்திலேயே முக்காடு அணியும் ஏற்பாடு உண்டு என்பது கர்நாடக வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. அதே நிறம், அதே துணி, முகம் தெரியும்படி ஒழுங்காகக் குத்திய முக்காடு. சீருடையும் குலையாது, பிள்ளையும் வெளியே நிற்க மாட்டாள். நம் கம்பெனிகளில், துணி மெஷினில் சிக்கிவிடக் கூடாது என்று கேட்பது நியாயமான பாதுகாப்பு விதி. அதைக் கேட்கும் விதத்தில் கேட்டால் எந்தப் பெண்ணும் முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொள்வாள்.

திருச்சபையின் குரல்

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் சமய சுதந்திர அறிக்கையில், எந்த மனிதரையும் அவரது மனசாட்சிக்கு எதிராகச் செயல்படக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கற்பித்தது. இந்த உரிமை நமக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. மனித மாண்பிலிருந்தே பிறக்கும் உரிமை என்றது. அதே ஆண்டில் மற்ற சமயங்களைப் பற்றிய அறிக்கையில், ஒரே கடவுளை வணங்கும் இசுலாமியரைத் திருச்சபை மதிப்புடன் நோக்குவதாகவும், அவர்கள் அன்னை மரியாவைப் போற்றுவதையும் குறிப்பிட்டது. திருக்குர்ஆனில் மரியாவின் பெயரிலேயே ஓர் அதிகாரம் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் அபுதாபியில் அல் அசார் தலைமை இமாமுடன் இணைந்து, மனித உடன்பிறந்த நிலை குறித்த ஆவணத்தில் கையொப்பமிட்டார்.

நம் வீட்டுச் சுவரில் உள்ள அன்னை மரியாவின் படத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்போம். அவர் தலையில் இருப்பது என்ன? 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பெண்கள் தலையை மூடியே வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என்று கேட்டது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் அந்த விதி இல்லை. ஆயினும் நம் தாய்மார் பலர் இன்றும் நற்கருணை வாங்கச் செல்லும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் பெண் பிள்ளைகள் பலர் போடுவதில்லை. இருவரையும் ஆண்டவர் ஒரே அன்போடு ஏற்றுக்கொள்கிறார். நம் ஆலயத்தில் நாம் அனுபவிக்கும் இந்தச் சுதந்திரத்தை அயலாருக்கும் விரும்புவது, பிறர் நமக்குச் செய்ய விரும்புவதையே நாம் பிறருக்குச் செய்ய வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்ததைக் கடைப்பிடிப்பதாகும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய காரியங்கள் தேவையில்லை. நம் பள்ளிகளில் படிக்கும் இசுலாமியப் பிள்ளைகளின் பெற்றோரைப் பிரச்சினை வரும் முன்பே அழைத்துப் பேசலாம். நம் பிள்ளைகள் வகுப்பில் முக்காடு அணிந்த தோழியைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளலாம். வாட்சப்பில் வரும் வெறுப்புச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் நம்மோடு நிறுத்தலாம். வீட்டை வாடகைக்கு விடும்போது, கேட்டு வருபவரின் பெயரைக் கேட்டதும் "ஆள் வந்தாச்சு" என்று பொய் சொல்லாமல் இருக்கலாம். அன்பியக் கூட்டத்தில் இதை ஒருநாள் மனம் திறந்து பேசலாம். வாக்குச்சாவடியிலோ, பேருந்திலோ, கம்பெனி வாயிலிலோ ஒரு பெண் தன் உடைக்காக அவமானப்படுத்தப்படும்போது, மேலூரில் நடந்ததுபோல வாய் திறக்கலாம்.

தவக்காலத்தின் வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை செய்யும்போது பத்தாம் நிலையில் நாம் முழந்தாளிடுகிறோம். இயேசுவின் ஆடைகளைக் களைகிறார்கள். தையலே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக நெய்யப்பட்ட அங்கி அவருடையது என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. துணி நெய்தும் பின்னியும் தைத்தும் பிழைக்கும் நமக்கு அந்த அங்கியின் அருமை தெரியும். ஊரார் கூடி நின்று பார்க்க, ஒருவர் உடலிலிருந்து அவர் விரும்பாமல் ஒரு துணியை அகற்றுவது எவ்வளவு பெரிய அவமானம் என்பதும் தெரியும்.

அடுத்த முறை பத்தாம் நிலையில் முழந்தாளிடும்போது, பள்ளி வாயிலில் நின்று முக்காட்டைக் கழற்றும் அந்தச் சிறுமியும் நம் கண்முன் வரட்டும். அந்தக் கூட்டத்தில் நாம் எங்கே நின்றோம் என்று ஆண்டவர் கேட்டால், சொல்ல நம்மிடம் ஒரு பதில் இருக்கட்டும்.